எண் பொருந்தியது

பல் கட்டுவது என் தொழில்.
மாகோ ஊரில், வெங்காயக் கிடங்குக்கு எதிர்ச் சந்தில்,
பிறர் வாயில் இல்லாததை
மெழுகில் செய்து, உலோகத்தில் வார்த்து,
மெருகேற்றிப் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன்.
யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை;
என் வேலையைக் காட்டித்தான் சிரிக்கிறார்கள்.

அறுபத்தோராம் வருடத்து பன்னோனியா
ஒரு கோழிக்கூண்டுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது.
வைத்திருந்தவர் காசு வாங்கவில்லை.
கூண்டுக்கு வேறு முட்டு கொடுத்துவிட்டுப் போ என்றார்.
முகப்பு விளக்குக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது.
டாங்கில் அரை லிட்டர் துரு.

மூன்று வருடம்.
கார்புரேட்டர் ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்தது,
ஒற்றைக் காலுறைக்குள் சுருட்டி.
சங்கிலி மூடியின் கீழ்ப்பாதி
ஒருத்தி வீட்டு ஜன்னலில் பூந்தொட்டியாக இருந்தது;
ஜெரேனியத்துக்கு மாற்றுவீடு பார்த்துக் கொடுத்துவிட்டு
வேர்மண்ணோடு எடுத்து வந்தேன்.
மற்றபடி எந்தக் கிடங்கில் கேட்டாலும்
"இருந்ததே, போன வாரம்தான்..."
அந்தப் போன வாரத்தை மட்டும்
எந்த அலமாரியிலும் காணோம்.

கிடைக்காததை வார்த்தேன்.
டாங்கின் முழங்கால் ரப்பரை
ஈறு அச்செடுக்கும் இளஞ்சிவப்புப் பசையில் பதித்தேன்.
விளக்கின் குமிழ்
ஒரு கடைவாய்ப்பல்லுக்கு மிஞ்சிய உலோகம்.

ஆனால் மூன்றாம் கியரில் இரண்டு பல் தேய்ந்திருந்தது.
பல் போனால் சொல் போச்சு:
மூன்றாவதில் போட்டதும்
வண்டி ஏதோ சொல்லவந்து விழுங்கிக்கொள்ளும்.
அதை நான் கட்டமுடியாது.
ரொட்டி மெல்லும் பல் வேறு,
சுமை இழுக்கும் பல் வேறு.

ஒரு ஞாயிறு, கம்பித் தூரிகைக்கு அடியில்
சட்டத்தின் கழுத்தில் ஓர் எண் எழுந்தது.
எஞ்சினில் இருந்தது வேறு எண்.

அதன்பின் சட்டத்து எண்ணை மணிக்கட்டில் எழுதிக்கொண்டு
சந்தை சந்தையாகப் போனேன்.
பன்னோனியா நின்றால் போதும், குத்துக்காலிட்டுக் குனிவேன்.
காதணியைத் தொலைத்தாயா என்று ஒருவர் தேடவே வந்துவிட்டார்.

கெச்கெமேட்டில், பச்சை வண்டி ஒன்றின் வயிற்றில்
என் மணிக்கட்டு எழுதியிருந்தது.

அவர் பெயர் கெல்லெர்ட். திஸா ஆற்றில் படகு விடுபவர்.
சொன்னதும் என் வண்டிக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டார்.
அவருடைய எண் அங்கே இருந்தது.
எப்போதோ ஒரு பட்டறையில்
அவசரத்திலோ போதையிலோ
யாரோ மாற்றி மாட்டிவிட்டான்.
"சனிக்கிழமை வாருங்கள், மாற்றிக்கொள்ளலாம்,"
அழப்போகிறவர் போலச் சொன்னார்.

இரண்டாவதிலேயே வீடு வந்தேன்.
அந்த வாரம் முழுக்க
எத்தனை பேருக்குப் பல் செய்தேனோ,
என் வாய் மட்டும் திறக்கவில்லை.

சனிக்கிழமை, இரண்டு எஞ்சினும் இறங்கி
அவர் மேசைமேல் எண்ணெய் வடிய நின்றபோது
சொன்னேன்: "மூன்றாவதில் பல் இல்லை."

அவர் கையைத் துடைத்தார்.
துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.
"என்னுடையதில் சிலிண்டர் கீறல்.
சூடேறினால் பிடித்துக்கொள்ளும்.
பெரிய பிஸ்டன் போட்டால் தீரும். எங்கே கிடைக்கிறது?"

பிறகு சிரித்தார், வாயைப் பொத்திக்கொண்டு.
மேல்வரிசை, இடப்புறம், இரண்டாவது இல்லை.
என் கண் அளவெடுத்ததை அவரும் பார்த்தார்.

"இரண்டிலும் நல்லதைச் சேர்த்தால்
ஒரு வண்டியாவது முழுசாகும்," என்றார்.
"யாருடையது?" என்றேன்.
அடுப்பில் காபி பொங்கி வழிந்தது.
இருவரும் அதை அணைக்கப் போனோம்.

இப்போது பதிவேட்டில் இரண்டும் அசல்.
எண்ணும் எண்ணும் முத்தமிட்டுக்கொள்கின்றன.
அவர் இரண்டாவதிலிருந்து நாலாவதுக்குத் தாவும்போது
அந்த உதறல் ஆற்றுக்கு இக்கரை வரை கேட்கிறது.
நான் இருபது கிலோமீட்டருக்கு ஒருமுறை
வெங்காய வயலோரம் நிறுத்தி, இறங்கி,
இரும்பு ஆறட்டும் என்று நிற்கிறேன்.

டிக், டிக் என்று அது குளிர்கிறது.
கெல்லெர்ட் இருபது வருடம் கேட்ட சத்தமாக இருக்கும்.
எனக்கு இன்னும் பழகவில்லை.