பதினாலாவது ரீல்

நான் பார்த்த படத்தில் அவள் திரும்பி வரவில்லை.
இதைச் சொன்னால் இவர் சிரிக்கிறார்,
கல்யாணமான நாளிலிருந்து.

இவர் பெங்களூரில் பார்த்தவர்,
சிவாஜிநகரில், பத்தாவது வாரம்.
கேட்டருகே மழை கொட்டுமாம்.
புருஷன் சேற்றில் முழங்காலிடுவானாம்.
அவள் பெட்டியைக் கீழே வைப்பாளாம்.
பெட்டி நனையுமாம். வணக்கமாம்.

எனக்குத் தெரிந்து அந்தப் படத்தில் மழையே இல்லை.

பாலக்கோடு, பச்சையம்மன் டாக்கீஸ்,
ரிலீசான வெள்ளிக்கிழமை, முதல் ஆட்டம்.
மண்டியில் தக்காளிக் கூடை கழுவின ஈரத் தாவணியோடு
ஓடிப்போய் உட்கார்ந்தோம்.
அவள் கேட்டைச் சாத்துகிறாள்.
கொக்கி விழுகிற சத்தம்.
அடுத்து பஸ், ஜன்னலோரம்.
"எங்கம்மா?" என்கிறார் கண்டக்டர்.
ஐந்து ரூபாய் நோட்டை நீட்டி
வாயைத் திறக்கிறாள்.
லைட் போட்டுவிட்டார்கள்.

எந்த ஊர் சொல்லியிருப்பாள் என்று
வாரம் முழுக்கப் பந்தயம் கட்டினோம்.
குப்பம்மா மெட்ராஸ் என்றாள்.
சாலம்மாள், அம்மா வீடு இல்லாமலா, என்றாள்.
நான் மட்டும் எந்த ஊரும் சொல்லவில்லை.
சொன்னால் அவள் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவாள்.

அப்புறம் கேசட் வந்தது, மழை.
சிடி வந்தது, மழை.
பொங்கலுக்குப் பொங்கல் டிவியில் மழை.
மகள் போனில் தேடிக் கொடுத்தாள்,
அதில் இன்னும் துல்லியமாய், துளித்துளியாய் மழை.

சாட்சி தேடினேன்.
கண்டக்டர் சென்றாயன், "பாம்பு வருமே, அந்தப் படமா?" என்றார்.
குப்பம்மாவுக்கு ஓசூரிலிருந்து போன் போட்டால்
"பஸ் இல்லடி, ரயிலு" என்கிறாள்.
சாலம்மாள் செத்து ஆறு வருஷம்.

இடையில் தொண்ணூற்றிரண்டில்
நானும் ஒருநாள் பையை எடுத்தேன்.
ஓசூர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்,
வெள்ளிச்சந்தை என்று வந்தது.
இறங்கி நடந்தே திரும்பினேன்.
உலை வைக்கிற நேரத்துக்கு வீட்டில் இருந்தேன்.
இவருக்குத் தெரியாது. அது வேறு கதை.

போன மாசம் பியாரேஜானைக் கண்டுபிடித்தேன்,
டாக்கீஸ் ஆபரேட்டர்.
மகனுடைய செல்போன் கடையில்
கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தார்,
ஒரு குமிழி விடாமல் கட்டைவிரலால் தள்ளித் தள்ளி.

"பஸ்ஸு இருந்துச்சும்மா" என்றார், நிமிராமல்.

ஸ்டூலைப் பிடித்து உட்கார்ந்தேன்.

"சனங்க ஒத்துக்கலன்னு
அஞ்சாம் நாளு சேலத்துலருந்து மழை ரீல் வந்துச்சு.
பழச வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"பஸ்ஸோட முடியும், இல்ல?"

"எங்க முடியுது? அதுக்கு மேல எண்பது அடி.
நான்தான் வெட்டுனேன்.
ஒம்போது நாப்பதுக்கு மாரண்டஹள்ளி கடைசி பஸ்ஸு.
சனம் முன்னாடியே எந்திரிக்கும்,
தலையெல்லாம் திரையில விழும்.
லைட்டப் போட்டுட்டேன்."

"அந்த எண்பது அடியில?"

"அடுத்த ஸ்டாப்புல எறங்கிருவா.
ரோட்டத் தாண்டி எதிர்ப்பக்கம் நிப்பா.
பஸ்ஸு வராது.
வணக்கம் போட்டுருவாங்க."

எவ்வளவு நேரம் என்று கேட்டேன்.
ஒரு நிமிஷம் வராது என்றார்.

எழுதினவன் எழுதாத, எடுத்தவன் எடுக்காத படம்.
நாலு நாள் ஒரே ஊரில் ஓடியிருக்கிறது,
மாரண்டஹள்ளிக்காரர்கள் வீடு போய்ச் சேர.

என் போனிலும் ஒரு கண்ணாடி ஒட்டச் சொன்னேன்.
கீறல் ஒன்றும் இல்லை.
நூற்றைம்பது ரூபாய்.

தீபாவளிக்கு மறுபடி போட்டார்கள்.
"வா, உன் ஆளு வர்றா" என்று கூப்பிட்டார்.
எண்ணெய்க் கையோடு போய் நின்றேன்.
அவள் பெட்டியோடு வந்தாள். கேட்டைச் சாத்தினாள்.
கொக்கி விழுந்தது.
வானம் கறுக்கத் தொடங்கியது.
ரிமோட்டை எடுத்து அணைத்தேன்.

"என்னடி?"

"கடைசி பஸ்ஸு" என்றேன்.

எங்கள் தெருவுக்குள் பஸ் வராது.
இருந்தும் இவர் ஒருதரம் வாசலைப் பார்த்தார்.