வளையம்

ஓஹியாவுக்கும் இதல்கஸ்ஹின்னைக்கும் நடுவில்
மண் சரிந்து தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டது.
பதுளை ரயில் எங்கள் மேடையில் நின்றே கிடந்த இரவு
ஸ்டேசன் மாஸ்டர் விஜேதுங்கவும் நானும்
டாம் பலகையை எடுத்தோம்.
அவருக்கு நெக்டோ மூடிகள், எனக்கு சோடா மூடிகள்.

வெட்டக் கிடைத்தால் வெட்டியே ஆகவேண்டும்.
மறந்தோ மனமிரங்கியோ விட்டுவிட்டால்
வெட்டாத காயை எதிராளி
பூவென்று ஊதி எடுத்துக்கொள்வான்.
விஜேதுங்க இதை ஆட்டமென்று சொல்வதில்லை,
சட்டம் என்பார்.

மூன்றாம் வகுப்பிலிருந்து ஒருத்தி இறங்கி வந்தாள்.
பிரிஸில்லா, டிக்கோயாப் பக்கம்.
கையில் பிஸ்கட் பெட்டி,
உள்ளே அவளே செய்த ஆட்டம்.
பண்டாரவளையில் யாரோ அச்சடித்துப் பார்க்கலாம் என்றார்களாம்.
அடுப்புப் பக்கம் தள்ளி உட்கார்ந்து
கேட்காமலே விரித்தாள்.

அட்டை முழுக்கப் பச்சை நிரைகள்.
காய்களுக்குத் தேயிலைக் கொட்டைகள்.
பகடை உருண்டால் மழை வரும், அட்டை கடிக்கும்,
தராசில் இரண்டு கிலோ சும்மா கழியும்.
பதினெட்டு எட்டாவிட்டால் அரைப்பேர்.
ஆனால் தோற்று எழுந்துபோக முடியாது எவரும்,
கடைசிக் கொழுந்து நிறுக்கும் வரை
எல்லோரும் நிரையில்தான்.

"பகடை வந்தால் அது சூது" என்றேன்.
நான் செஸ்காரன்.
"தோற்றவனுக்கு நீ சாக்குச் செய்து கொடுக்கிறாய்."

"பகடை இல்லாத ஆட்டம்
மழையில் நனையாதவன் செய்தது" என்றாள்.
"எந்த லயத்தில் பிறப்பது, எந்தக் கங்காணிக்குக் கீழே நிற்பது,
எதை அண்ணன் நாம் நகர்த்தினோம்?"

"அதனால்தான் சொல்கிறேன்.
அங்கே உட்கார்ந்தால் எனக்குப் பதினாறு காய்,
எதிரில் துரை மகனே இருந்தாலும் பதினாறு.
வேறெங்கே, சொல்லு,
எனக்குப் பதினாறு எண்ணிக் கொடுத்தார்கள்?"

கணுக்காலில் ஊறியதைச் சுண்டிவிட்டு
கொஞ்சம் யோசித்தாள்.
"முதல் நகர்வு வெள்ளைக்குத்தானே?"

அரைத்தமிழ் விஜேதுங்க முழுதாய்ச் சிரித்தார்.

ஆடுபுலி வரைந்து காட்டலாமென்று சோக்கட்டியை எடுத்தேன்,
வைத்துவிட்டேன்.
சாவடிகள் நின்ற காலத்தில்
தரையில் புலி என்று எழுதியதற்கு
எங்கள் லயத்துப் பெரியநாயகத்தை விடியவிடியக் கேட்டார்கள்:
எத்தனை புலி, எங்கே நிற்கிறது, யார் வைத்தது.
மூன்று, ஐயா, மூலையில், நான்தான் வைத்தேன்.
அதன் பிறகு எங்களுக்கு அது ஆடுநரி.
சில விதிகள் பலகைக்கு வெளியிலிருந்தும் வரும்.

சுவரில் தொங்கியதைக் காட்டி
"அது என்ன வளையம்?" என்றாள்.

இது கையில் வராமல் டிரைவர் ஓரடி நகரக்கூடாது.
ஒரு பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரு வளையம்.
அவன் அடுத்த ஸ்டேசனில் கொடுத்த பிறகுதான்
எதிரே நிற்பவன் புறப்படலாம்.
இரண்டு காய் ஒரு கட்டத்தில் சேரவே கூடாது.

"எத்தனை வருசமாய் ஆடுகிறீர்கள்?"
இருபத்தொன்று.
"யார் ஜெயித்தது?"

பதில் தோன்றவில்லை.
யாரும் சாகவில்லை என்றேன்.
அவள் பெட்டி மூடியின் உட்புறத்தில்
பென்சிலால் எதையோ எழுதி
எழுதியதில் பாதியை அடித்தாள்.

இரண்டேகாலுக்கு இதல்கஸ்ஹின்ன மணி அடித்தது.
விஜேதுங்க எழும் அவசரத்தில்
ஒரு மூடியைத் தள்ளிவிட்டு இயந்திரத்திடம் ஓடினார்.
நான் வளையத்தோடு மழைக்குள் போனேன்.
டிரைவர் தோளில் மாட்டிக்கொண்டான்.
தேயிலைக் கொட்டைகளை மடியில் வாரிக்கொண்டு
பிரிஸில்லா ஓடி ஏறினாள்.
சிவப்பு விளக்கு வளைவில் திரும்பும் வரை
வழக்கம்போல் எண்ணினேன்.

திரும்பி வந்து பலகையைப் பார்த்தால்
என் மூடி ஒன்று
வெட்டுக்கு நேராக நிற்கிறது.
வெட்டாமல் வேறெதையோ நகர்த்தியிருக்கிறார் மனிதர்.
மறந்தாரா, மனமிரங்கினாரா,
பதிவேட்டில் குனிந்திருந்த முதுகு ஒன்றும் சொல்லவில்லை.

ஊதலாம். சட்டம்தான்.

பிளேன்டி இன்னும் சுட்டது.
அதை ஊதிக் குடித்தேன்.