வேலிக்கு அந்தப் பக்கம் கலினா

ஜூன் ஏழாம் தேதி பார்த்தேன்.
சீமையவரைக் கொழுந்தெல்லாம் கரி பூசினாற்போல.
தொட்டேன்.
கரி நகர்ந்தது.

முப்பத்தோரு வருடம் வ்ரோத்ஸ்வாஃபில் டிராம் ஓட்டியவன் நான்.
ஏழரை மணி நெரிசல் தெரியும் எனக்கு.
அதில்கூட யாராவது இறங்குவார்கள்.
இந்த அசுவினிகள் இறங்குவதில்லை.
ஏற வேண்டியதும் இல்லை, உள்ளேயே பிறக்கின்றன,
ஆண் துணை இல்லாமல், முட்டையும் இல்லாமல்,
வயிற்றுக்குள் மகளும்
அந்த மகளுக்குள் பேத்தியுமாய்.

ஊசிவாயை நரம்பில் இறக்கிவிட்டால் போதும்
செடியே தன் அழுத்தத்தில் ஊட்டிவிடுகிறது.
மிஞ்சிய இனிப்பு பின்னால் சொட்ட
எறும்புகள் காத்து நிற்கின்றன, பால்காரர்கள்,
கையில் செம்பு மட்டும்தான் இல்லை.
இலை சுருண்டது. நுனி கூனிற்று.
பூ வந்தது, காய் வரவில்லை.
சொட்டின இடமெல்லாம் புகைக்கறை படிந்து
கீழிலைகளுக்கு வெயில் எட்டவில்லை.

சோப்புத் தண்ணீர் அடித்தேன்.
காஞ்சொறியை வாளியில் அழுகவைத்துத் தெளித்தேன்.
அன்று பேருந்தில் என் பக்கத்து இருக்கை
கடைசி நிறுத்தம்வரை காலியாகவே வந்தது.
செவ்வாய்க்கிழமை செத்தவை வியாழன் திரும்பின.

தோட்டச் சங்கத்துச் செயலாளர் ஸ்ச்செபான்தான் துப்புக் கொடுத்தார்:
பனிக்காலம் முழுதும் கசகசாவிலும் சிறிய கறுப்பு முட்டைகளாய்
அவை கலினாப் புதரின் மொட்டிடுக்கில் கிடக்குமாம்.
வெள்ளைப் பூங்கொத்தும் செங்கனியும் வைக்கும் கலினா.
என் நிலத்தில் அது இல்லை.
வேலிக்கு அந்தப் பக்கம்,
யாத்விகா அம்மாளின் நிலத்தில் இருக்கிறது.

போனேன்,
சொல்ல வேண்டியதை நிறுத்தப் பெயர்களைப்போல்
வரிசையாய் மனத்தில் அடுக்கிக்கொண்டு.
அவர் புதரடியில் முழங்காலிட்டிருந்தார்.
அங்கேயும் ஒவ்வோர் இலையும்
மூடிய கைபோலச் சுருண்டிருந்தது.

"ஏப்ரலில் எனக்கு, ஜூனில் உங்களுக்கு" என்றார் திரும்பாமலே.
"செப்டம்பரில் நீங்கள்தானே திருப்பி அனுப்புகிறீர்கள்,
வித்தோல்ட்?"

புகார் கொடுக்கப் போன இடத்தில்
என் பெயரையே எழுதிக்கொண்டார்கள்.

கத்தரி என் பின்பையில் இருந்தது.
அவர் பார்த்துவிட்டார்.
கையை நீட்டினார். கொடுத்தேன்.
மூன்று கிளைகளை வெட்டிப் பழைய செய்தித்தாளில் சுற்றினார்.
நான்காவதைப் பிடித்தார், அதன் பட்டையில்
பெருவிரலை ஓட்டினார், விட்டுவிட்டார்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்து நாற்பத்திரண்டு செடிகளின்
நுனியையும் நகத்தால் கிள்ளினேன்.
விரலெல்லாம் பிசுக்கு.
நக்கிப் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லை,
உண்மையிலேயே இனிப்பு.

சிறகு முளைத்த ஒன்று
என் சட்டைக் கையிலிருந்து எழும்பி
காற்று போன பக்கம் போனது,
டிக்கெட் எடுக்காமல்.