முப்பத்தொன்றாம் தேதி

பாகம் பிரித்தபோது
கிணற்றைக்கூட முறை வைத்துப் பிரித்துவிட்டார்கள்.
ஆம்னி வண்டியைத்தான் அறுக்க முடியவில்லை.
ஒற்றைப்படைத் தேதி எனக்கு,
இரட்டைப்படை என் ஓரகத்தி சூடம்மாவுக்கு.
முப்பத்தொன்றுக்கு அடுத்தது ஒன்று,
இரண்டுமே ஒற்றை என்று
எழுதினவருக்குத் தோன்றவில்லை.
சூடம்மாவுக்குத் தோன்றியது.
ஏழு மாதமாக என்னோடு பேச்சில்லை.

டிசம்பர் முப்பத்தொன்று, விடியற்காலை இரண்டே முக்கால்.
ராயக்கோட்டை மலை இருக்க வேண்டிய இடத்தில்
பனி நின்றுகொண்டிருந்தது.
ஒன்பது மூட்டை சாமந்தி ஏற்றியாயிற்று.
நாலரைக்குள் ஓசூரில் இறக்கினால்
வருசப் பிறப்பு விலை.
ஆறு மணிக்குப் போனால் மாட்டுக்குப் போடலாம்.

சாவியைத் திருப்பினேன்.
செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது,
பேட்டரி மேல் குற்றமில்லை.
பெட்ரோல் மூக்கில் ஏறுகிறது,
அதன் மேலும் இல்லை.
பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது.

இடப்பக்க சீட்டைத் தூக்கி
ஒரு வயரைப் பிடுங்கி, பழைய பிளக்கைச் சொருகி
இன்ஜின் இரும்பில் சாய்த்து வைத்தேன்.
இனி ஒருத்தர் சாவி திருப்ப வேண்டும்,
ஒருத்தர் குனிந்து பார்க்க வேண்டும்.
ஒரு பொறியைப் பார்க்க இரண்டு பேர் வேண்டும்.
இது யார் போட்ட சட்டமோ.

வீட்டுக்காரர் சிப்காட்டில் இரவுக் காவல்.
எதிர் வாசலில் சூடம்மா
துண்டைத் தலையோடு சுற்றிக்கொண்டு நின்றிருந்தாள்,
எவ்வளவு நேரமாகவோ.
நான் இருட்டைப் பார்த்துச் சொன்னேன்:
"சாவி திருப்ப ஒரு கை இருந்தால் தேவலை."
இருட்டு நடந்து வந்து
டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டது.

"அடி."
அடித்தாள். பிளக் முனையில் ஒன்றுமில்லை.
"இன்னொரு தடவை."
இல்லை.

காயிலுக்குக் கரண்ட் வருகிறதா?
இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயர் கட்டி வைத்திருக்கிறேன்,
தொட்டதும் எரிந்தது.
காயிலிலிருந்து கிளம்பும் தடித்த வயரை
மூடியிலிருந்து பிடுங்கி
காய்ந்த துணி சுற்றிப் பிடித்தேன்.
(வெறுங்கையால் பிடித்துத்
தோள்பட்டை வரை உதறின நாள் ஒன்று உண்டு.)
இரும்புக்கு ஒரு நெல் இடைவெளி விட்டு
"அடி" என்றேன்.
டிக். டிக். டிக்.
நீலமாகத் தாவியது.
அந்த வெளிச்சத்தில் அவள் பாதம் தெரிந்தது.
செருப்புப் போடாமல் வந்திருந்தாள்.

ஆக, இதுவரை வருகிறது.
பிளக்குக்குப் போய்ச் சேரவில்லை.
நடுவில் யாரோ வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

கிளிப் இரண்டையும் தள்ளி
டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினேன்.
உள்ளே மொட்டைத் தண்டு.
ரோட்டர் இல்லை.
ரோட்டர் தேயும், வெடிக்கும், கருகும்.
தானாக இறங்கி நடந்து போகாது.

மூடியைத் திரும்ப மாட்டினேன்.
"அடி" என்றேன்.
அடித்தாள்.
"அடி."
அடித்தாள்.
செல்ஃப் முனக ஆரம்பித்தது.
"அடி."
இந்தத் தடவை சத்தம் வரவில்லை.

சீட்டைத் தாண்டி ஒரு கை நீண்டது.
கட்டைவிரல் அளவு கருப்புத் துண்டு,
தலையில் பித்தளை நாக்கு.
இடுப்புச் சூடு இன்னும் ஆறவில்லை.

வண்டி வாங்கின வருசம்,
ஒரே அடுப்பில் உலை வைத்தபோது,
ஒகேனக்கல்லில் பதினெட்டாம் பெருக்குக் கூட்டத்தில்
வண்டியை விட்டுப் போக அவள் பயந்தாள்.
நான்தான் மூடியைத் திறந்து காட்டினேன்:
"இதை எடுத்து இடுப்பில் சொருகிக்கோ சூடா,
எந்தத் திருடன் வந்தாலும் கிளப்ப முடியாது."
அன்றைக்கு அவள் ஆற்றில் குளிக்கும்போதுகூட
இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை.

ரோட்டரை அமுக்கி, வயர்களைச் சொருகினேன்.
சொல்லாமலே அடித்தாள்.
ஒரு இருமல், அப்புறம் பிடித்துக்கொண்டது.
அவள் இறங்கவில்லை.
"நாலு மூட்டை இருக்கு" என்றாள்
ஸ்டியரிங்கிடம்.

ஒன்பதும் நாலும் பதிமூன்று.
அதுவும் ஒற்றைப்படைதான்.
டயர் தாங்குமா என்று பார்த்தேன்,
மணி பார்த்தேன்.

"போய் எடுத்து வா" என்றேன்.
"வண்டியை மட்டும் அணைச்சிடாதே."