இருபத்தொன்றரை

கண்ணாடிப் பட்டையில் ஒரு சொட்டுச் சாறு.
தேவனஹள்ளிப் பக்கம் திரும்பி
ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தால்
நீலமும் வெள்ளையும் பிரியும் கோடு
இருபத்தொன்றரையில் நிற்கிறது.
திங்களன்றும் அங்கேதான் நின்றது.

"இருபத்துநாலு வரட்டும்" என்கிறார் இருதயராஜ்.
வங்கியில் முப்பது வருடம்
அடுத்தவர் கையெழுத்தைச் சந்தேகித்தவர்
வெயிலை மட்டும் நம்புகிறார்.
நான் ஒரு பழத்தைப் பிதுக்கி விதையைக் கடித்தேன்.
பச்சை. நாக்கு பலகையாகிவிட்டது.
அவர் சொல்வதுதான் சரி,
இன்னும் ஐந்து நாள்.

ஆனால் கைப்பேசியில் வியாழனுக்கு மழை,
எழுபது சதவீதம்.
நனைந்தால் தோல் வெடிக்கும்,
வெடித்தால் ஈ,
ஈக்குப் பின் காடி.
எழுபது என்றால் என்ன என்று யாருக்குத் தெரியும்?
பத்து ஊரில் ஏழு ஊரா?
எங்கள் முக்கால் ஏக்கர்
மீதி மூன்றில் இருக்கிறதா?

வாதாடிக்கொண்டே இருந்தோம்.
வலைக்கு வெளியே
கருவி ஏதும் இல்லாமல் முடிவெடுத்துவிட்ட மைனாக்கள்.

முனிலட்சுமி வந்தாள்.
கன்னடத்தில் தொடங்கி, தெலுங்கில் வளைந்து,
தமிழில் முடித்தாள்:
"நாளையிலேர்ந்து பதினாலு பேரும் ரோஜா ஷெட்டுக்கு.
முன்பணம் வாங்கியாச்சு.
வேணும்னா இன்னைக்கு ராத்திரி.
தலைக்கு நூத்தைம்பது கூட. டீ உங்களுது."

அவ்வளவுதான்.
சர்க்கரை, புளிப்பு, வானிலை மூன்றும்
ஓரமாய் ஒதுங்கி வழிவிட்டன.

நெற்றியில் விளக்குக் கட்டி
வரிசைக்கு இருவராய் இறங்கினார்கள்.
தலைக்குமேல் சக்கரம் நீட்டிய விமானங்கள்.
ஜன்னலோரம் யாராவது விழித்திருந்தால்
இருட்டில் நகரும் பதினாலு பொட்டுகளை
என்னவென்று நினைத்திருப்பார்கள்?
விடியும்போது நூற்றிருபத்தெட்டு கிரேட்.
கணக்கில் எழுதினேன்: இரவுக்கூலி கூடுதல்,
இரண்டாயிரத்து நூறு. டீ தனி.
கடைசி வரிசையில் பன்னிரண்டு கொடியை மட்டும்
தொடவிடவில்லை அவர்.

பச்சை விதையோடு பத்து நாள் ஊறினால்
சிவப்பு கசக்கும்.
ஆறு மணி நேரம் போதும் என்றேன்.
பிழிந்தபோது ஓடிவந்தது
வெட்டிய கொய்யாவின் நிறம்.
எதுவும் சொல்லாமல்
கடன் போட்டு வாங்கிய பிரெஞ்சு பீப்பாயின் மேல்
தார்ப்பாயைத் திரும்பப் போர்த்தினார்.

வியாழன் மழை பெய்தது,
ஹெப்பாளில்.
யெலகங்காவில் ஆலங்கட்டி என்று
அவர் தங்கை ஐவி படம் அனுப்பினாள்,
உள்ளங்கையில் நாலு உருண்டை.
எங்களுக்கு வாசனை மட்டும் வந்து சேர்ந்தது.

பன்னிரண்டு கொடியும்
அடுத்த திங்கள் இருபத்துநாலைத் தொட்டன.
பீப்பாய்க்கு அது உதடு நனைக்கக்கூடக் காணாது.
குடிதண்ணீர் கேனைக் கழுவி
அதில் ஊற்றி
சமையலறை மூலையில் வைத்திருக்கிறார்.
நொதி முணுமுணுக்கிறது.
இரவில் இருமுறை எழுந்து போய்ப்
புறங்கையால் தொட்டுப் பார்க்கிறார்,
காய்ச்சல் கண்ட பிள்ளையை வைத்திருப்பவர் மாதிரி.

நானும் ஒருமுறை தொட்டேன், அவர் தூங்கும்போது.
சூடாகத்தான் இருக்கிறது.