பதினேழு சென்ட்

ஸ்டுட்கார்ட்டிலிருந்து கடிதம்:
உங்கள் வால்வு மூடி நாற்பத்து நான்கு சென்ட்,
நிங்போவில் இருபத்தேழு.
எங்களுக்கே மூச்சு முட்டுகிறது, மன்னிக்கவும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் கரண்ட் இல்லை.
ஜெனரேட்டர் போட வேண்டாம் என்றேன் கோதண்டத்திடம்.
அந்தப் பதினேழு சென்ட்டுக்குள்
டீசலும் எங்கோ இருக்கிறது.

பிரஸ்ஸல்ஸில்
சீனச் சரக்குக்கு வரி போடலாமா என்று
இன்னும் பேசுகிறார்களாம்.
போடட்டும், நல்லாப் போடட்டும் என்று
பாடி மேம்பாலம் வரை
வேண்டிக்கொண்டே வண்டி ஓட்டினேன்.

செம்புதாஸ் தெருவில் லேத்துக்குப் பேரிங்.
நம்மூர்ச் சரக்கு அறுநூற்றைம்பது,
சீனா நூற்றெண்பது.
"இங்கயும் வரி ஏறப்போவுது மேடம்,
நாலா எடுத்துக்குங்க" என்றார் கிஷன்லால்.

நூற்றறுபதுக்குப் பேசி
ஆறு எடுத்தேன்.
பில் போட்டால்தான் ஜி.எஸ்.டி. என்றார்.

போட வேண்டாம் என்றேன்.