இரண்டே போது

கப்பலூர் பழைய இரும்புக் கிடங்கில்
அமானுல்லா அதை எடைக்குத்தான் வைத்திருந்தார்.
பதினோரு அடி நீளம். இரண்டு சக்கரம்,
ஒன்றில் காற்று இருந்தது.
"இழுக்க வண்டி இருக்காம்மா?"
இல்லை.
"பிறகு எதுக்கு?"
அதற்கும் என்னிடம் பதில் இல்லை.
எழுநூற்று நாற்பது கிலோ என்றது எடைமேடை,
உள்ளே வளர்ந்திருந்த கரையான் புற்றையும் சேர்த்து.

நாகமலைக்குப் பின்னால் நான் வாங்கிப்போட்ட
மூன்று சென்ட் இடத்தில்
கிரேன்காரர் இறக்கிவிட்டுப் போனார்.
ஒச்சம்மாளின் ஆடுகள் அன்றைக்கே
அடியில் குடிவந்தன.

பகலெல்லாம் ஜங்ஷனில், முன்பதிவுக் கவுண்டரில் இருப்பேன்.
மேல் படுக்கையா கீழ் படுக்கையா,
வயசு சொல்லுங்க,
சைடு லோயர்தான் இருக்கு, போடவா?
சாயங்காலம் பழைய சுடிதாரில்
துருவுக்கு முன்னால் நிற்பேன்.

ரிவிட் அடிக்க வந்தது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.
அதற்குள் இடது கட்டைவிரல் நகம் கறுத்து
டிக்கெட்டைத் தள்ளும்போதெல்லாம்
ஊர்பேர் தெரியாதவர்கள் அதைப் பார்த்தார்கள்.
தரைப்பலகை டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது.
சேஸிஸைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்த வாரம்
மூக்கைச் சிந்தினாலும் செங்கல் நிறம்.
கூரையை மூன்று தரம் அடைத்தேன்.
மூன்று தரமும் மழை வேறு வழி கண்டுபிடித்தது.
கதவு மட்டும் முதல் நாளிலிருந்தே
எண்ணெய் கேட்காமல் திறந்தது.
ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பெயிண்டைச் சுரண்டினேன்.
மேலே நீலம். யாரோ பரோட்டாக் கடை நடத்தியிருக்கிறார்கள்:
கொத்து, வீச்சு, முட்டை லாப்பா.
அதற்கு அடியில் மஞ்சள்.
மஞ்சளுக்கும் அடியில்,
எண்பதாம் நம்பர் எமரித்தாள் தேய்ந்து முடிகிற நேரத்தில்,
ஒரு சிவப்பு முக்கோணம்.
பக்கத்தில் அப்பா, அம்மா, பையன், பெண்.
நாலு வட்ட முகம், ஒன்றுக்கும் வாய் இல்லை.
கீழே
இரண்டே போது
"ம்" இருந்த இடத்தில் துரு தின்ற ஓட்டை.

உட்கார்ந்து சிரித்தேன்.
ஆடுகள் எழுந்து தள்ளிப் போயின.

எங்கள் வீட்டில் நான் நாலாவது.

செக்கானூரணியில் இந்த வண்டி வந்து நின்ற அன்றைக்கு
அம்மா எங்கே ஒளிந்தாளோ.
களையெடுப்புக்குப் போயிருந்தாளோ.
பிளாஸ்டிக் வாளி தருவார்கள் என்று வரிசையில் நின்று
வாளி தீர்ந்ததும் திரும்பிவிட்டாளோ.
இனிக் கேட்க முடியாது. கேட்டிருந்தாலும்
"போடி வேலையப் பாத்துக்கிட்டு" என்றிருப்பாள்.

பார்த்தேன்.
சுற்றிலும் வெள்ளை அடித்தேன், முக்கோணத்தை விட்டுவிட்டு.
ஓட்டைக்கு எம்-சீல். "ம்" எழுதவில்லை.

உள்ளே ஒரே ஒரு படுக்கை,
ஆறடிக்கு இரண்டடி.
மேலும் இல்லை, கீழும் இல்லை.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில்
கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான்.
"என்ன வகைன்னு போட?"
அவர் பேனாவைக் காதில் சொருகி, எடுத்து,
கடைசியில் 'இதர' என்று எழுதினார்.

இழுக்க வண்டி இன்னும் இல்லை.
ஐப்பசியின் முதல் மழைக்கு உள்ளே போய்ப் படுத்தேன்.
கூரையில் மழை
நாலாவது வழியைத் தேடிக்கொண்டிருந்தது.
அடியில் ஏதோ ஓர் ஆடு
அச்சில் முதுகைச் சொறிந்தது.
வண்டி லேசாக ஆடியது.
கண்ணைத் திறக்கவில்லை.
சமயநல்லூர் தாண்டியிருக்கும்.